கடித்த நாயைத் தோட்டத்துக்கு அனுப்பும் முன்

வீட்டு நாய் கடித்துவிட்டது என்று சொன்னால் போதும், சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொல்வார்கள்: "பேசாம தோட்டம் வச்சிருக்கிறவங்க யாருக்காச்சும் குடுத்துடுங்க." பெரும்பாலும் அது தீர்வே இல்லை. தோட்டத்து நாய் பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கும், ராத்திரி அவிழ்த்துவிடுவார்கள். கட்டிப்போட்ட நாயால் விலகிப்போக முடியாது. பயத்தில் கடிக்கிற நாய் அங்கே இன்னும் மோசமாகும். தண்ணீர் பாய்ச்ச வருகிறவரையோ, அவர் கூட வரும் பிள்ளையையோ கடிக்கும்.

கைமாற்றலாமா என்று முடிவெடுக்க எவ்வளவு ஆழமாகக் கடித்தது, யாரை, எதற்காக என்று தெரிய வேண்டும். ஆழத்தை அளக்க, நாய் நடத்தை நிபுணர் இயன் டன்பாரின் ஆறு நிலைக் கணக்கு உதவும். முதல் நிலையில் உறுமும், கவ்வ வரும், பல் படாது. இரண்டில் பல் தோலில் படும், துளை விழாது. மூன்றில் ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளை, எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டாது. நான்கில் தாண்டும், சுற்றிலும் கன்றிப்போகும். நாய் பிடித்து அழுத்தியிருக்கிறது அல்லது உதறியிருக்கிறது என்று அர்த்தம். ஐந்து, அப்படிப் பல கடி. ஆறு, உயிர்ப்பலி. கையை வெடுக்கென்று இழுத்ததால் ஒரே திசையில் கிழிந்த கீறலை ஆழக் கடியோடு சேர்க்க வேண்டாம்.

முதல் இரண்டு நிலை நாய்களைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டே பழக்கலாம். மூன்றாம் நிலைக்கு வேறு வீடு பொருந்தலாம். நான்குக்கு மேல், அதுவும் எச்சரிக்காமல் கடிக்கிற நாயை "ரொம்பப் பாசமானது" என்று போட்டோ போட்டுக் கொடுப்பது அயோக்கியத்தனம். அங்கே கருணைக்கொலை பற்றியும் மருத்துவரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

எதுவானாலும் கடித்த கையோடு நாயை அனுப்பிவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி வருகிறதா என்று 10 நாள் கண் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். கடிபட்டவர் காயத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது.

அந்த நாட்களிலேயே நாயையும் டாக்டரிடம் காட்டுங்கள். காதில் சீழ், இடுப்பு மூட்டு வலி, சொத்தைப் பல், தைராய்டு குறைவு எல்லாமே சாதுவான நாயையும் கடிக்க வைக்கும். ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேட்காதவை உண்டு. தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வும். காது கேட்கிறதா என்று பார்க்க, முதுகுப் பக்கமாகச் சற்றுத் தள்ளி நின்று தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். தரையில் வைத்துத் தட்டினால் அதிர்வை வைத்தே திரும்பிவிடும், கையில் தூக்கிப் பிடித்துத் தட்ட வேண்டும். பலமுறை தட்டியும் காது அசையவில்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மாதிரி நாயை எழுப்ப, கொஞ்சம் தள்ளி நின்று தரையைத் தட்டினால் போதும். வீடு மாற்றத் தேவையே வராது.

உறுமுகிற நாயை அடிப்பது நம் ஊர் வழக்கம். அடிவாங்கினால் உறுமலை விடும், கடியை விடாது. "சும்மாதான் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு" என்கிற கதைகளில் பல இப்படி உருவானவை.

யாரை என்பதில்தான் முடிவு தொங்குகிறது. சாப்பாட்டுத் தட்டருகே உறுமும் நாய் பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டில் சமாளிக்கக்கூடியதே. தனி அறையில் சோறு வைத்துக் கதவைச் சாத்தினால் முடிந்தது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலோ, யாராவது ஒருநாள் கதவைச் சாத்த மறப்பார்கள். அங்கே கைமாற்றுவதுதான் சரி, அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. தெருவில் விடுவது மட்டும் கூடாது. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

கொடுக்கும் முன் கருத்தடை செய்துவிடுங்கள். பயத்தால் வரும் கடியை அது சரிசெய்யாது, ஆனால் குட்டி போட வைத்து விற்க அலைகிறவர்கள் விலகிவிடுவார்கள். கடிக்காமல் இருக்க வாயில் மாட்டும் மஸில் உண்டு, அதில் கூடை மாதிரியானதற்குப் பழக்குங்கள். உள்ளே தயிர் தடவி நாயே மூக்கை நுழைக்க விட்டு, ஓரிரு வாரம் கழித்து வாரைப் பூட்டலாம். வாயைத் திறந்து மூச்சிரைக்க இடம் இருக்க வேண்டும். துணி மஸில் வாயை இறுக்கிவிடும். நம் வெயிலில் அதைப் போட்டு நடத்தினால் நாய் சுருண்டு விழும்.

கடி விவரத்தை மறைக்காமல் தாளில் எழுதுங்கள்: தேதி, யாரை, உடம்பில் எங்கே, எந்த நிலை, அதற்கு முன் என்ன நடந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. நாயால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சம்ஹிதை என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. வாங்குகிறவர் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும். லைசென்ஸ், மைக்ரோசிப் பதிவு, தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றிலும் உரிமையாளர் பெயரை மாற்றுங்கள்.

முதலில் வாங்குகிறவரோடு தெருவில் சேர்ந்து நடக்க வைத்துப் பழக்குங்கள், பிறகு அவர் வீடு. முதல் வாரம் பழைய சாப்பாடே இருக்கட்டும். வெளியே போகும்போது கழுத்துப் பட்டை, உடம்பில் மாட்டும் ஹார்னஸ் இரண்டிலும் கயிறு வேண்டும், மிரண்ட நாய் பட்டையை உருவிக்கொண்டு ஓடும். ஆரம்பத்தில் அடங்கிக் கிடப்பதைப் பார்த்து "மாறிடுச்சு" என்று நம்ப வேண்டாம். புது இடம் பழகிய பிறகுதான் பழைய குணம் வெளியே வரும். அதனால் குறைந்தது மூன்று மாதத்துக்கு, ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.