ஒரே ஒரு சமக்குறி

ஜூலை 13, 2025, ஞாயிறு. கொழிஞ்சாம்பாறை

காலையில் பால் ஊற்றிவிட்டு வந்த மாமா சீட்டை என் மேஜைமேல் வைத்தார். "கண்ணு, கொழுப்பு 3.5ன்னு அடிச்சிருக்குது. வெல மட்டும் 3.4க்கு உண்டானது. என்னன்னு பாரு."

அவர் சொன்னது சரிதான். பால் சொசைட்டிக்காக நாங்கள் நாலு பேர் சேர்ந்து ரஸ்ட் என்கிற நிரல்மொழியில் எழுதிய விலைக் கணக்கில்தான் தப்பு. மதியம் வரை தேடினேன். கொழுப்பைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக வைத்திருக்கிறோம். "கொழுப்பு >= 35" என்று இருந்த இடத்தில் "கொழுப்பு > 35" என்று கிடந்தது. சமக்குறி போனதால், சரியாக 3.5 வருகிற பாலுக்கெல்லாம் ஒரு படி விலை குறைந்துவிட்டது.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றியது என்று காட்டும் பிளேம் போட்டுப் பார்த்தேன். மாற்றத்தின் தலைப்பு: "ஃபார்மட் மட்டும்." அதாவது வரிகளின் அடுக்குதான் மாறியது, கணக்கு மாறவில்லை. பார்த்து ஒப்புதல் கொடுத்தது நான்.

ஜூலை 15, செவ்வாய்

அந்த மாற்றத்தை அனுப்பியது எங்கள் நாலு பேரில் ஒருவனான சித்தூர் தம்பி. அவனைக் கூப்பிட்டேன். "அக்கா, மெர்ஜ் கான்ஃப்ளிக்டைத் தீர்க்கும்போது கை தவறியிருக்கும். ஸாரிக்கா" என்றான். இரண்டு பேர் ஒரே இடத்தை மாற்றினால் வருகிற மோதல்தான் அந்தக் கான்ஃப்ளிக்ட். அவன் கை தவறியதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். என் கண் தவறியதுதான் எனக்கு உறுத்துகிறது.

முதல் நாளிலிருந்தே நாங்கள், வரிகளை ஒரே சீராக அடுக்கித்தரும் கார்கோ ஃபார்மட் ஓட்டாமல் எழுதி வந்தவர்கள். நூற்றுமுப்பது எழுத்து நீள வரிகள் நிறைய. அவன்தான் முதல்முறையாக ஓட்டினான். அது இயக்கும் ரஸ்ட் ஃபார்மட்டர் இயல்பாக 100 எழுத்தில் மடக்கும்; மடக்கும்போது "&&" குறியை அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். இதோடு அவன் எடிஷன் என்கிற மொழி விதித்தொகுப்பையும் 2024க்கு மாற்றியிருந்தான். பிப்ரவரியில் 1.85 பதிப்போடு வந்ததே, அது. அதன் நடைவிதியில் எண் சேர்ந்த பெயர்கள் எண் வரிசையில் அடுக்கப்படும். முன்பெல்லாம் 10 முதலில் வந்து 2 பின்னால் நிற்கும். ஆக, வேறு இடத்திலிருந்து பெயர்களை எடுத்துக்கொள்ளும் இறக்குமதி வரிகளும் இடம் மாறின. நாற்பது கோப்பிலும் நீக்கியதைக் காட்டும் சிவப்பும் சேர்த்ததைக் காட்டும் பச்சையும்தான்.

இடைவெளியைப் புறக்கணிக்கும் வசதியைப் போட்டுத்தான் பார்த்தேன். ஆனால் ஒரே வரி மூன்றாக உடைந்தால் அது மறைக்காது. ஒரு சிவப்பு வரி, மூன்று பச்சை வரி. நடுவில் ஒரு சமக்குறி போனது எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கர்க்கடகம் ஒன்று, விளக்கேற்றி ராமாயணம் வைத்தாயிற்று. பனைகளை வளைத்துக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மூன்று தடவை கரண்ட் போனது.

சமக்குறியைத் திரும்பப் போட்டு, 34, 35, 36 மூன்றுக்கும் டெஸ்ட் எழுதினேன். முன்பிருந்த டெஸ்டில் 30ம் 40ம்தான் இருந்தன. விலை மாறும் விளிம்பை யாருமே தொடவில்லை.

இன்னொன்றும் பிடிபட்டது. ஃபார்மட் மாற்றத்தைக் கண்ணால் படிக்கவே கூடாது. அதற்கு முந்தைய நிலையை எடுத்து, என் கணினியில் நானே கார்கோ ஃபார்மட் ஓட்டி, அவன் அனுப்பியதோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் ஒன்றுமில்லை என்று வந்தால்தான் அது ஃபார்மட் மட்டும். பழைய மாற்றத்தை அப்படிச் சோதித்தேன், எடிஷன் வரியையும் முதலில் மாற்றிவைத்து. நாற்பது கோப்பில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. அந்த வரிதான். பத்து நொடி வேலை! இதை அன்றைக்கே செய்திருந்தால் மாமா போல எத்தனை பேருக்குக் காசு குறையாமல் இருந்திருக்கும்.

எல்லோரிடமும் ஒரே பதிப்பு ஃபார்மட்டர் இருந்தால்தான் இது நடக்கும். எந்தப் பதிப்புக் கருவிகள் வேண்டும் என்று சொல்லும் டூல்செயின் கோப்பில் பதிப்பைக் கட்டிவைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

தம்பி நேரில் வந்திருந்தான். அம்மா டீ போட்டாள். விலைப்பட்டியலைத் திறந்தோம். வரிக்குப் பத்து எண் என்று கண்ணுக்கு அழகாக அடுக்கிவைத்திருந்ததை ஃபார்மட்டர் வரி நிறைய அடைத்து ஒரே குவியலாக்கியிருந்தது. அதைப் பழையபடி அடுக்கி, தலைமேல் "ஃபார்மட் வேண்டாம்" என்ற குறிப்பைப் போட்டோம். சொசைட்டிச் சுவரில் ஒட்டிய பட்டியலோடு வரிக்கு வரி வைத்துப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

அப்புறம், பிளேம் தாண்டிப்போக வேண்டிய மாற்றங்களின் பட்டியல். கிட் 2.23லேயே வந்துவிட்ட வசதி. பழைய மாற்றத்தை அதில் சேர்க்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன், அதற்குள் தப்பு இருக்கிறது, தேடுகிறவருக்கு அது தெரிய வேண்டும். இனி வரும் சுத்த ஃபார்மட் மாற்றங்களை மட்டும் சேர்ப்போம், அதுவும் மெர்ஜ் ஆகி முதன்மை நிரலோடு சேர்ந்த பிறகு. பல மாற்றங்களை ஒன்றாக்கி ஸ்குவாஷ் செய்தால் ஹாஷ், அதாவது மாற்றத்தின் அடையாளக் குறி, மாறிவிடும்.

சாயங்காலம் மாமா இந்த ஒரு வாரச் சீட்டுகளையும் நூலில் கோத்துக் கொண்டுவந்தார். 3.5 விழுந்த நாட்களை மூவரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். நாளைக்கு சொசைட்டிச் செயலாளரிடம் எல்லா வீட்டுக் கணக்கையும் கேட்க வேண்டும்.