கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி, காஸ்ட்ரோ தெரு

சான் பிரான்சிஸ்கோ போறவங்க எல்லாரும் மொதல்ல கோல்டன் கேட் பாலத்துக்குத்தான் ஓடுவாங்க, நான் போனது சிட்டி ஹால் படிக்கட்டுக்கு. 2019 டிசம்பர். ஆபீஸ் வேலையா வந்து, வேலை முடிஞ்சதும் லீவு போட்டுட்டு ஃப்ரீமாண்ட்ல காலேஜ் கூட்டாளி வீட்டுல தங்கியிருந்தேன். ஃப்ரீமாண்ட் பத்தி பெருசா எழுத ஒண்ணுமில்ல, தோசை மாவு கிடைக்குது, பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கு பேசுறார், அவ்ளோதான். 24ஆம் தேதி சாயங்காலம், கே ஆளுங்களோட பேட்டையான காஸ்ட்ரோவுல இருக்குற காஸ்ட்ரோ தியேட்டர்ல, சான் பிரான்சிஸ்கோ கே மென்ஸ் கோரஸ்ங்கற பாடகர் குழுவோட கிறிஸ்மஸ் கச்சேரி, அதுக்கு ஊர்ல இருக்கும்போதே டிக்கெட் போட்டு வெச்சிருந்தேன்.

கூட்டாளிட்ட சொன்னப்போ, "ஏலே, கிறிஸ்மஸ் ஈவ் அன்னிக்கு தனியாவால போவ, நில்லு நானும் வாரேன்"ன்னுட்டான். அவனுக்கு என்னைப் பத்தி தெரியும். 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் எங்க உறவைக் குற்றம்னு சொன்ன 377ஆம் சட்டப் பிரிவை வெட்டி விட்டுச்சுல்ல, அந்த வாரம் போன் பண்ணி நான் 'கே'ன்னு சொன்னேன், கொஞ்ச நாள் சத்தமே இல்ல, அப்புறம் அவனே கூப்பிட்டு கிரிக்கெட் பேசினான். அதுக்கப்புறம் அதைப் பத்தி நாங்க பேசினதே இல்ல. அவன் சம்சாரம்தான் கிளம்பும்போது, "அண்ணே, இவரு அங்க வந்து ஏதாச்சும் ஏடாகூடமா கேட்டா காலை மிதிச்சிருங்க"ன்னு சிரிச்சிட்டே சொல்லி விட்டுச்சு.

பார்ட் ரயில்ல சிவிக் சென்டர்ல இறங்கினா சிட்டி ஹால் கூப்பிடு தூரம். பெரிய டோம், போல்க் தெருப் பக்கம் பாத்த படிக்கட்டு, கல்யாணம் பண்ணிட்டு போட்டோ எடுத்துட்டு இருந்த ஒரு ஜோடி. இந்தப் படியிலதான் அந்தக் கோரஸோட மொத பொதுப் பாட்டு நடந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியுமோ என்னமோ.

கதை இதுதான். ஜான் சிம்ஸ்னு ஒருத்தர் 1978 அக்டோபர் 30, திங்கக்கிழமை, கே ஆம்பளைங்களுக்குன்னு ஒரு கொயர் பிராக்டிஸ் ஆரம்பிக்கிறார். பேருலயே 'கே'ன்னு போட்டாங்க, அந்தக் காலத்துல அது சின்ன விஷயம் இல்ல, கச்சேரி நோட்டீஸ்ல உன் பேர் வந்தா வேலை போயிரும். நாலே வாரம் கழிச்சு, நவம்பர் 27, அதுவும் திங்கக்கிழமைதான், காலையில மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் சூப்பர்வைசர் (நம்மூர் கவுன்சிலர் மாதிரி) ஹார்வி மில்க்கையும் இதே சிட்டி ஹாலுக்குள்ள வெச்சு சுட்டுக் கொன்னுட்டாங்க. சுட்டவன் டான் வைட், அவனும் முன்னாள் சூப்பர்வைசர், ராஜினாமா பண்ணிட்டு பதவியைத் திரும்பக் கேட்டவன். ஹார்வி மில்க் வெளிப்படையா கேன்னு சொல்லி ஜெயிச்ச ஆளு, பதவியில ஒரு வருஷம் கூட முடியல. அன்னிக்கு ராத்திரி காஸ்ட்ரோலருந்து ஆயிரக்கணக்கான பேரு மெழுகுவத்தி ஏந்தி நடந்து வந்தாங்க, அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி இந்தப் படியில நின்னு கோரஸ் பாடினது மெண்டல்சோனோட ஒரு ஹிம், கடவுள்கிட்ட அடைக்கலம் கேக்குற பாட்டு. பிராக்டிஸ் ஆரம்பிச்சு ஒரு மாசம்கூட ஆகாத கொயர், மொத மேடையே சாவு வீடு.

நான் பாளையங்கோட்டைக்காரன், சர்ச் கொயர்ல வளர்ந்தவன். நாலு பார்ட்டுல ஒரு பாட்டை ஒப்பேத்தணும்னா எவ்ளோ பாடுன்னு தெரியும், சோல்ஃபா (டோ ரே மி ஸ்வரம்) போட்டு, ஆம்பளைங்கள்ல மேல்குரல் டெனர் தனியா, கீழ்க்குரல் பேஸ் தனியா உக்கார வெச்சு எங்க கொயர் மாஸ்டர் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துவார். நாலு வாரத்துல அதுவும் அப்படி ஒரு ராத்திரியில அழாம சுருதி பிடிச்சு நின்னுருக்காங்கன்னா, அது எனக்கு வரலாறு புத்தகத்துல வர்ற மாதிரி தெரியல, நேரா வயித்துல இறங்குச்சு. படியில ஏறி நடுவுல நின்னு பாத்தேன். கூட்டாளி கீழ இருந்து போட்டோ எடுத்தான், போஸ் குடுல மூதேவின்னான்.

அங்கருந்து முனி ரயில் பிடிச்சு காஸ்ட்ரோ. ஸ்டேஷனை விட்டு வெளிய வந்ததும் அந்தப் பிரம்மாண்டமான வானவில் கொடி, அது பறக்குற இடத்துக்குப் பேரே ஹார்வி மில்க் பிளாசா. எதிர்ல ட்வின் பீக்ஸ்னு ஒரு பார், ரோட்டைப் பாத்து முழுசா கண்ணாடி, உள்ள வயசானவங்க உக்காந்து ஆற அமர குடிச்சிட்டு இருந்தாங்க. சாதா பார் மாதிரிதான் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி கே பார்னா ஜன்னலை அடைச்சு கறுப்பு பெயின்ட் அடிச்சிருப்பாங்க, யாரும் உள்ள இருக்கறவங்களைப் பாத்துரக் கூடாதுன்னு. 1972ல ரெண்டு லெஸ்பியன் பெண்கள் அந்த பாரை வாங்கி ஜன்னலைத் திறந்து கண்ணாடி போட்டாங்க. ஹார்வி மில்க் கேமரா கடை வெச்சிருந்த 575ஆம் நம்பரும் அதே தெருவுலதான், இப்ப வேற கடை. இதுக்கு நடுவுல ஒரு தகவல், தெற்காசியக்காரங்களுக்கான ட்ரைக்கோன்னு ஒரு அமைப்பு 1986லயே இந்த பே ஏரியாவுல ஆரம்பிச்சிருக்காங்க, நான் அப்ப பால்வாடி, ஊர்ல இதுக்கெல்லாம் பேரே கிடையாது.

தியேட்டர் 1922ல கட்டினது. வாசல்ல கியூ. நான் எதிர்பாத்த கூட்டம் வேற, வந்திருந்த கூட்டம் வேற. சான்டா தொப்பி போட்ட பாட்டிங்க, கைக்குழந்தையோட ரெண்டு அப்பாக்கள், பொம்பளை வேஷம் போட்டு டிராக் மேக்கப்ல ஏழடி உயரத்துல ஒரு ராணி, பின்னாடி ஒரு சீனக் குடும்பம் மூணு தலைமுறையா. நம்மூர்ல கிறிஸ்மஸுக்கு புது ஜட்டி உட்பட புதுத்துணி போட்டு சர்ச்சுக்குப் போவோம்ல, அந்தக் களை எல்லார் மூஞ்சிலயும் இருந்துச்சு.

திரை விலகி மேடை நிறைய ஆம்பளைங்க, ஒரே நேரத்துல மூச்சு இழுத்தாங்க பாருங்க, அந்த மொத சத்தத்துலயே எனக்கு ரோமம் நின்னுருச்சு. பொம்பளைக் குரலான சோப்ரானோ ஆல்ட்டோ கிடையாது, ஃபர்ஸ்ட் டெனர், செகண்ட் டெனர், பாரிடோன், பேஸ், எல்லாமே ஆம்பளைக் குரல், சத்தம் தரைக்கு அடியிலருந்து வர்ற மாதிரி இருக்கும். பாதி நிகழ்ச்சி கலாட்டா, டான்ஸ், பச்சையா ஜோக்கு (கூட்டாளிக்கு எனக்கு முன்னாடி புரிஞ்சிருச்சு, நல்லா சத்தமா சிரிச்சான்). மீதி பாதி சுத்த பக்தி. எனக்கு அந்தக் கலவை ரொம்ப பிடிச்சது, நம்ம கேரல் ரவுண்ட்ஸ்லயும் அப்படித்தானே, ஒரு வீட்டுல கண்ணை மூடிட்டு பாமாலை, அடுத்த வீட்டுல கிறிஸ்மஸ் தாத்தா குத்தாட்டம், கையில முந்திரிக்கொத்து. "சைலன்ட் நைட்" பாடும்போது ஒரு சரணத்துக்கு வாயை மூடிட்டு கையால சைகை மொழியில மட்டும் பாடினாங்க. அவ்ளோ பெரிய தியேட்டர்ல சட்டைக் கை உரசுற சத்தம் கேட்டுச்சு.

நடத்தினவர் டிம் சீலிக். டெக்சாஸ்ல பாப்டிஸ்ட் சர்ச்ல இசை ஊழியம் பண்ணிட்டு இருந்தவர், கேன்னு தெரிஞ்சதும் வேலை போச்சு. அவரைப் பாக்கத்தான் எனக்கு முக்கியமா ஆசை. நான் போய்ட்டிருந்த சபை எதுன்னு சொல்ல வேணாம், எங்களை மாதிரி ஆளுங்களைப் பாவின்னு சொல்ற சோதோம் கொமோரா பிரசங்கம் ஒண்ணை டெனர் வரிசையில உக்காந்து முழுசா கேட்டேன், அடுத்த வாரத்துலருந்து பிராக்டிஸுக்கு போறதை விட்டுட்டேன். யாரும் என்னை வெளிய போன்னு சொல்லல, நானாத்தான் போனேன், ஆனா பாட்டு போயிருச்சுல்ல. இந்த மனுஷன் பாட்டை விடல. 2017ல, ட்ரம்ப் ஜெயிச்ச மறு வருஷம், கோரஸைக் கூட்டிட்டு மிசிசிப்பி, அலபாமா, டென்னசி, கரோலினா ரெண்டும்னு தெற்கு முழுக்க பஸ்ல சுத்தினாங்க, கூடவே ஓக்லாண்ட் இன்டர்ஃபெய்த் காஸ்பல் கொயர். மிசிசிப்பியிலயும் நார்த் கரோலினாவிலயும் அதுக்கு முந்தின வருஷம்தான் எங்க ஆளுங்களுக்கு எதிரா சட்டம் போட்டிருந்தாங்க. சில இடத்துல எதிர்ப்பு, சில இடத்துல பாப்டிஸ்ட் சர்ச்சே உள்ள கூப்பிட்டு பாட வெச்சுச்சு. லாவண்டர் பென் டூர்னு பேரு, கே உரிமைச் சட்டத்துல கையெழுத்து போட மேயருக்கு ஹார்வி மில்க் குடுத்த ஊதா பேனாவை வெச்சு.

இடைவேளையில பக்கத்து சீட்டு பெரியவர் பேச்சு குடுத்தார், எழுபது வயசு இருக்கும். எந்த ஊரு, பாடுவியான்னு கேட்டார், ஒரு காலத்துல டெனர்னேன். அவரும் கோரஸ்ல பாரிடோன் பாடினவராம். எண்பதுகள்ல திங்கக்கிழமை பிராக்டிஸ் எப்படி ஆரம்பிக்கும்னு சொன்னார், இந்த வாரம் யாரு ஆஸ்பத்திரியில, யாருக்கு அடக்கம், அப்புறம்தான் பாட்டு நோட்டைத் திறப்பாங்களாம். எய்ட்ஸ்ல போனவங்களை கோரஸ்ல "ஐந்தாவது பிரிவு"ன்னு சொல்றாங்க, நாலு குரல் மேடையில, அஞ்சாவது குரல் அவங்க, முந்நூறு பேருக்கு மேல. 1993ல எடுத்த ஒரு போட்டோ இருக்கு, வெள்ளை சட்டையில ஏழு பேரு நம்மைப் பாத்து நிக்கறாங்க, மத்த எல்லாரும் கறுப்புல முதுகைக் காட்டி நிக்கறாங்க, வெள்ளை சட்டை ஆரம்பத்துலருந்து இருந்து அன்னிக்கு உயிரோட மிச்சம் இருந்தவங்க, முதுகு காட்டுறது செத்துப்போனவங்களுக்காக. ஆரம்பிச்ச ஜான் சிம்ஸும் 1984ல போய்ட்டார். கூட்டாளி அதுவரைக்கும் பாப்கார்ன் தின்னுட்டு இருந்தான், பெரியவர்கிட்ட, "அப்புறமும் ஏன் சார் பாடினீங்க"ன்னு கேட்டுட்டான். நான் காலை மிதிக்கல. பெரியவர், "திங்கக்கிழமை வேற எங்க போறது"ன்னார்.

நம்பிக்கை, மாற்றம்னு நிறைய பேசறோம், எனக்கு அந்த பதில்தான் எல்லாத்தையும் விட உருப்படியா பட்டுச்சு. பேரணி வருஷத்துக்கு ஒருக்கா. சென்னையில 2009லருந்து ஜூன் மாசம் நடக்குது, போனா உடம்பெல்லாம் சூடேறும், பறை அடிப்பாங்க, ஆடுவோம், மறுநாள் திங்கக்கிழமை ஆபீஸ்ல மறுபடி "எப்ப சார் கல்யாணம்". கொயர் வேற, வாரா வாரம் வந்தாகணும், பக்கத்துல நிக்கறவன் மூச்சை கவனிக்கணும், ஒருத்தன் விட்டா இன்னொருத்தன் பிடிச்சுக்கணும். 1981ல இவங்க அமெரிக்கா முழுக்க டூர் போனாங்க, போன ஊர்ல எல்லாம் கேட்டுட்டுப் போனவங்க தங்களுக்குன்னு கொயர் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு அதுக்கு காலான்னு தனி கூட்டமைப்பே இருக்கு.

அதுக்காக எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. 2021ல கோரஸ் ஒரு நையாண்டிப் பாட்டு வீடியோ போட்டாங்க, உங்க பிள்ளைங்களை நாங்க மாத்தப் போறோம், அன்பா இருக்க கத்துக்குடுக்கப் போறோம்ங்கற அர்த்தத்துல, மொத பாதியை மட்டும் வெட்டிப் பரப்பி கொலை மிரட்டல் வரைக்கும் போயிருச்சு. எனக்கு அந்தப் பாட்டு நகைச்சுவை பிடிக்கும், ஆனா இன்டர்நெட்ல கிண்டல் எடுபடாதுன்னு யாராச்சும் அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்.

திரும்பி வர்ற ரயில்ல கூட்டாளி ரொம்ப நேரம் பேசல. அப்புறம் திடீர்னு, "நீ ஏம்ல கொயரை விட்ட"ன்னான். காலேஜ்லருந்து தெரியும், மொத தடவையா கேக்கறான். சொன்னேன். பிரசங்கம், அந்த டெனர் வரிசை, எல்லாம். ஃப்ரீமாண்ட் வர்ற வரைக்கும் கேட்டுட்டு வந்தான், "எனக்கு போன்ல என்ன சொல்றதுன்னு தெரியலல, அதான் கிரிக்கெட் பேசினேன்"ன்னான். தெரியும்ல மாப்ளன்னேன்.

அதுக்கப்புறம் கொரோனா வந்து உலகத்துல எல்லா கொயரும் வாயை மூடுச்சு. 2021 ஜூன்ல சென்னை ஹைகோர்ட்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எங்களை 'குணப்படுத்துறேன்'னு யாரும் கிளம்பக் கூடாதுன்னு உத்தரவு போட்டார், கூடவே தானும் இதுல கத்துக்க வேண்டியிருந்துச்சுன்னு தீர்ப்புலயே ஒத்துக்கிட்டார், ஒரு ஜட்ஜ் அப்படி எழுதி நான் பாத்ததில்ல. 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் கல்யாணம் கிடையாதுன்னுட்டாங்க. ஏறுது, இறங்குது.

இப்ப சென்னையில ஒரு ஃப்ரெண்டு வீட்டு மொட்டை மாடியில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடறோம். கே, லெஸ்பியன், ட்ரான்ஸ், அப்புறம் ஒருத்தியோட அம்மா, அவங்கதான் சுருதி பிசகாம பாடற ஒரே ஆளு. கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்கு ஹார்மனி வராது, எல்லாரும் மெலடிக்கு ஓடிருவாங்க, எங்க பழைய மாஸ்டர் மாதிரி நான் கத்திட்டு இருக்கேன். கீழ் வீட்டுக்காரர் ஒருக்கா மேல ஏறி வந்தார், சண்டைக்குன்னு நெனச்சோம், இளையராஜா பாடுவீங்களான்னு கேட்டுட்டுப் போனார். பாடுவோம், ஆனா பேஸ் பாட இன்னும் ரெண்டு பேர் வேணும், கனமான குரல் உள்ளவங்க யாராச்சும் இருந்தா சொல்லி அனுப்புங்க, சோல்ஃபா தெரியலன்னா பரவாயில்ல.