நார்மல் என்று நான் சொன்ன நாள்

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் 23 வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஏழரை மணிக்கு லேபைத் திறக்கும்போது வெளியே பெஞ்சில் முதலில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள். மாற்றிய உறுப்பை உடம்பு எதிர்க்காதபடி எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வருகிறவர்கள். இரவு எட்டு மணி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். அதனால் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே என் வாயில் வரும் கேள்வி, "காலை மாத்திரை போட்டாச்சா?" என்பதுதான். போட்டாச்சு என்றால் அன்றைக்கு ரத்தம் எடுப்பதில் பயனில்லை. மறுநாள் வரச் சொல்லுவேன். தடிக்காரன்கோணத்திலிருந்தும் பத்துகாணியிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்களிடம் அப்படிச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும்.

அவர்களில் ஒருவர் குலசேகரத்துக்கு மேலே இருந்து வருபவர், ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. மனைவி கொடுத்த சிறுநீரகம் அவருக்கு வைத்திருக்கிறது. ஆபரேஷன் திருவனந்தபுரத்தில், மாதாந்திர ரத்தப் பரிசோதனை எங்களிடம். சட்டைப் பையில் மாத்திரையும் கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக வருவார். ரத்தம் எடுத்துப் பஞ்சு வைத்த மறு நிமிடம் மாத்திரையை விழுங்கிவிடுவார். ஒரு நாளும் நேரம் தப்பியதில்லை.

ஒரு தடவை டியூபில் நான் பேர் எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "சிஸ்டரே, மருந்து எவ்வளவு இருக்குன்னு இதுல தெரியும். எனக்க எதிர்ப்பு சக்தி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கதுக்கு டெஸ்ட் ஒண்ணும் இல்லியா?"

"இல்லண்ணே" என்றேன். அன்று எனக்குத் தெரிந்த பதில் அதுதான். எச்.ஐ.வி. இருப்பவருக்கு சி.டி.4 அணுக்களை எண்ணிச் சொல்கிறோம். உறுப்பு மாற்றியவருக்கு அன்றாடம் பார்க்க அப்படி ஒரு எண் எங்கள் லேபில் இல்லை. மருந்தின் அளவைப் பார்ப்போம், சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் கிரியாட்டினின் பார்ப்போம், வெள்ளை அணு பார்ப்போம். உடம்பு எந்த அளவுக்கு அடங்கியிருக்கிறது என்பதை டாக்டர் இவற்றை வைத்து ஊகிப்பார்.

அந்த மாதம் அவருடைய டாக்ரோலிமஸ் 7.2 என்று வந்தது. ரிப்போர்ட்டில் அச்சடித்த வரம்புக்குள்தான் இருந்தது. போனில் கேட்டார். "நார்மல்தான் அண்ணே, பயப்படாதீங்க" என்றேன். அவர் நிம்மதியாகச் சிரித்தது இங்கே எனக்குக் கேட்டது. அடுத்த முறை 1.2 ஆக இருந்த கிரியாட்டினின் 2.3 ஆகிவிட்டிருந்தது. திருவனந்தபுரத்தில் பயாப்ஸி எடுத்தார்கள். உடம்பு அந்தச் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கியிருந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப் போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் கிரியாட்டினின் பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

அதே மழைக்காலத்தில் தக்கலைப் பக்கத்திலிருந்து வரும் ஓர் ஆசிரியைக்கு மருந்தின் அளவு 6.9. ஏறக்குறைய அதே எண். அவர்களுக்கு நேர் எதிராக நடந்தது. முகத்தின் ஒரு பாதியில் அக்கி கொப்பளித்து, கண்வரைக்கும் போய்விட்டது. உடம்பு அளவுக்கு மீறி அடங்கிவிட்டது என்று டாக்டர் மருந்தைக் குறைத்தார்.

7.2, 6.9. இரண்டு எண்களும் என் கையெழுத்தில் ஒரே ரிஜிஸ்டரில் இருக்கின்றன. இரண்டுக்கும் நேராக நான் எதையும் சிவப்பு மையில் சுழிக்கவில்லை. சுழிக்க வேண்டிய எதுவும் அவற்றில் இல்லை. பல நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில், இளம் டாக்டர் ஒருவர் தன் பேச்சின் கடைசியில் ஒரே ஒரு ஸ்லைடு காட்டினார். டார்க் டெனோ வைரஸ். லேப்காரியான எனக்கு அந்தப் பெயரே புதிது. அன்று இரவே தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1997-இல் ஜப்பானில், ரத்தம் ஏற்றிய பிறகு மஞ்சள் காமாலை வந்த ஒரு நோயாளியிடம் கண்டுபிடித்த வைரஸ் இது. அப்போது தெரிந்திருந்த ஹெபடைட்டிஸ் வைரஸ் எதுவும் அவரிடம் இல்லை. அதனால் இதுதான் காரணமோ என்று சந்தேகப்பட்டு, அந்த நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளையே வைத்து டி.டி. வைரஸ் என்றார்கள். பிற்பாடு தேடத் தேட, நோயில்லாதவர்களிடமும் அது இருந்தது. ரத்ததானம் செய்ய வந்த திடகாத்திரமானவர்களிடமும் இருந்தது. பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். பிறந்த சில மாதங்களிலேயே ஒட்டிக்கொள்கிறது. இதனால் இன்ன நோய் வரும் என்று இதுவரை யாராலும் நிறுவ முடியவில்லை. வெறும் 3,800 எழுத்துகள் அளவுள்ள, வட்டமாக வளைந்த ஒற்றை இழை டி.என்.ஏ. முதலெழுத்துகளை மாற்றாமல், லத்தீனில் 'மெல்லிய கழுத்தணி' என்று பொருள்வரும்படி பின்னர் பெயரை விரித்திருக்கிறார்கள்.

இது நம் ரத்தத்தில் சும்மா கிடப்பதில்லை. ஓயாமல் பெருகுகிறது, எதிர்ப்பு சக்தி ஓயாமல் அதை அடக்குகிறது. எதிர்ப்பு சக்தி தளர்ந்தால் எண்ணிக்கை ஏறும், விழித்துக்கொண்டால் இறங்கும். மாற்றுறுப்புக்காரர்களுக்கு சி.எம்.வி. என்ற வேறொரு வைரஸ் தொற்று வராமல் தடுக்கக் கொடுக்கும் மருந்துகள் இதைத் தொடுவதில்லை. ஆகவே அந்த எண் ஏறி இறங்குவதில் பேசுவது பெரும்பாலும் எதிர்ப்பு சக்திதான்.

வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சிறுநீரகம் மாற்றியவர்களிடம் இதை வருடக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். அவர்கள் முறைப்படி ஒரு மில்லி ரத்தத்தில் 10 லட்சம் பிரதிகளுக்குக் கீழே போனால் உறுப்பை உடம்பு நிராகரிக்கும் ஆபத்து கூடுகிறது. 10 கோடிக்கு மேலே போனால் தொற்று வரும் ஆபத்து கூடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் நல்லது.

இதைப் படித்ததும் எனக்குப் பேச்சிப்பாறைதான் ஞாபகம் வந்தது. மலையில் எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தது என்பது ஒரு கணக்கு. அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பது வேறு கணக்கு. காய்ந்த மண்ணில் பெய்த மழையை மண்ணே குடித்துவிடும். ஊறிய மண்ணில் அதே மழை அப்படியே அணைக்கு வந்து சேரும். 48 அடி அணையில் தண்ணீர் குறைந்தால் கன்னிப்பூ நெல்லுக்குக் கவலை. நிறைந்தால் கோதையாற்றங்கரையில் இருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். நான் இத்தனை வருடமாக அளந்துகொண்டிருந்தது மழையை. அந்த ரப்பர் தொழிலாளி என்னிடம் கேட்டது அணையின் மட்டம்.

இதிலும் குறைகள் உண்டு. மருந்தை மாற்றினால் மறுநாளே இந்த எண் மாறாது, வாரக்கணக்கில் மெதுவாகத்தான் நகரும். ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று மாதம் அது ஏறிக்கொண்டே இருக்கும், அப்போது பார்த்து முடிவெடுக்க முடியாது. ஒரு லேபின் முறையில் வந்த எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு அப்படியே ஒப்பிடவும் கூடாது. வைரஸைப் பார்த்து மருந்தளவை மாற்றுவதா, வழக்கம்போல மருந்தின் அளவைப் பார்த்து மாற்றுவதா என்று ஒப்பிட, ஐரோப்பாவில் பல மையங்கள் சேர்ந்து 260 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வைத் திட்டமிட்டு நடத்தின. பழைய முறையை நாளைக்கே தூக்கிப் போடச் சொல்ல நான் யாருமில்லை.

ஆனாலும் இது என் வேலையைப் பார்க்கும் கண்ணை மாற்றிவிட்டது. எங்கள் தொழிலில் பாசிட்டிவ் என்றால் கெட்ட செய்தி. எச்.பி.எஸ். (ஹெபடைட்டிஸ் பி) பாசிட்டிவ் என்று போனில் சொல்ல எத்தனை முறை தயங்கியிருக்கிறேன். 2020-இல் கொரோனா வந்தபோது பி.சி.ஆர். மெஷின் முன்னால் ராத்திரி பகலாக உட்கார்ந்து, வைரஸ் இருந்தால் திரையில் எழும்பும் வளைவு எழும்பாத கிணறுகளை, அதாவது மாதிரி வைக்கும் சின்னக் குழிகளைப் பார்த்துக் கடவுளுக்கு நன்றி சொன்னவள் நான். இந்த வைரஸிலோ வளைவு எழும்பாமல் போனால்தான் மாற்றுச் சிறுநீரகக்காரருக்காகப் பயப்பட வேண்டும். வைரஸ் இருக்கிறதே என்பதல்ல, இருக்க வேண்டிய அளவுக்கு இல்லையே என்பது கவலை. இதை நம்புவதற்கு எனக்குச் சில நாள் பிடித்தது.

எங்கள் லேபில் இன்றுவரை இந்தப் பரிசோதனை இல்லை. கொரோனா காலத்தில் வாங்கிய பி.சி.ஆர். மெஷின் அந்த அறையில்தான் இருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. எங்கள் மாவட்டத்தில் இதை என்றாவது ஒருநாள் செய்ய வேண்டும் என்று மீட்டிங்கில் இரண்டு முறை சொல்லிவிட்டேன், மூன்றாவது முறையும் சொல்வேன்.

ஆனால் "நார்மல்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். "மருந்தோட அளவு இவ்வளவு, டாக்டர்கிட்ட கிரியாட்டினினோட சேர்த்துக் காட்டுங்க" என்கிறேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை. "நல்லதா கெட்டதா, அதச் சொல்லுங்க" என்று கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்கிறேன்.

ரப்பர் தொழிலாளி இப்போதும் வருகிறார். இப்போது அதிகாலையில் பால் வெட்டப் போவது மனைவி, வீட்டில் ஷீட் அடிப்பது அவர். போன மாதம் அவரிடம் இந்த வைரஸைப் பற்றிச் சொன்னேன், பேச்சிப்பாறைக் கணக்கையும் சேர்த்து. கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப இது எல்லாருக்கும் உண்டுமா?"

"அனேகமா எல்லாருக்கும். எனக்கும் இருக்கும்."

"எனக்க பெஞ்சாதிக்கும்?"

"இருக்கும் அண்ணே. அவங்க தந்த கிட்னியோட சேர்ந்து அவங்களோடதும் உங்ககிட்ட வந்திருக்கலாம்."

கொஞ்ச நேரம் வலது அடிவயிற்றில், தையல் போட்ட பக்கம் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "அந்த டெஸ்ட் இங்க வந்தா மொதல்ல எனக்கிட்ட சொல்லணும் சிஸ்டரே" என்றார். சொல்கிறேன் என்றேன். மணி 7.55. சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார்.