ஊசல் தானாக உயரப் போகாது: பெர்ட்டர்பேஷன் தாளை இரண்டு முறை எழுதிய கதை

முதுகலையில் பெர்ட்டர்பேஷன் முறைகள் தாளை, அதாவது சமன்பாட்டில் ஒரு சிறிய உறுப்பு சேரும்போது விடையைத் தோராயமாகக் கண்டுபிடிக்கும் பாடத்தை, நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை தேறவில்லை. இத்தனைக்கும் படிக்காமல் போகவில்லை, எல்லா முறைகளையும் படிப்படியாக ஒப்பிக்கும் அளவுக்கு மனப்பாடம் செய்திருந்தேன், அதுதான் காலை வாரியது.

கேள்வி இதுதான். வில்லில் கட்டிய எடையின் அதிர்வுச் சமன்பாடு, அதோடு எப்சிலான் (மிகச் சிறிய ஓர் எண்) பெருக்கல் இடப்பெயர்ச்சியின் மூன்றாம் அடுக்கு என்று ஒரு குட்டி உறுப்பு. டஃபிங் சமன்பாடு என்பார்கள். நானும் விடையை எப்சிலானின் அடுக்குத் தொடராக விரித்து, ஒவ்வொரு அடுக்காகச் சமப்படுத்தி, இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் 'நேரம் பெருக்கல் சைன்' என்று ஓர் உறுப்பு வர, அதையும் சேர்த்துக் கட்டம் கட்டிவிட்டு எழுந்து வந்தேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. நேரம் ஏற ஏற அந்த உறுப்பும் ஏறும். அதாவது, தள்ளிவிட யாருமில்லாமலே எடை மேலும் மேலும் வீசி ஆடும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆற்றல் எங்கிருந்து வந்ததாம்? என் பேனாவிலிருந்துதான்.

இதற்கு செக்யூலர் உறுப்பு என்று பெயர். மதச்சார்பின்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; நூற்றாண்டு, யுகம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கோள்களின் பாதையைக் கணக்கிட்டவர்களுக்கு இந்த உறுப்புகள் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து தொல்லை கொடுத்தன. வானியலாளர் லிண்ட்ஸ்டெட், கணிதவியலாளர் புவான்கரே இருவரின் பெயரில் இருக்கும் மருந்து எளிமையானது: வீச்சு மாறினால் அதிர்வெண்ணும் கொஞ்சம் மாறும், எனவே அதையும் எப்சிலானில் விரி, செக்யூலர் உறுப்பு ஒழியும்படி அதன் திருத்தத்தைத் தேர்ந்தெடு. டஃபிங்குக்கு அந்தத் திருத்தம் 3/8 பெருக்கல் எப்சிலான் பெருக்கல் வீச்சின் வர்க்கம்.

இதைச் சூத்திரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள், ஊசலில் போட்டுப் பாருங்கள். ஊசலின் சமன்பாட்டில் கோணத்தின் சைன் வரும்; அதை அடுக்குகளாக விரிக்கும் டெய்லர் தொடரில் இரண்டாம் உறுப்பு கோணத்தின் கனம் வகுத்தல் 6, குறி கழித்தல். எனவே எப்சிலானுக்குப் பதில் கழித்தல் 1/6 போட்டால் அலைவு நேரம் வீச்சின் வர்க்கத்தில் 1/16 பங்கு கூடுகிறது (கோணம் ரேடியனில்). 30 பாகைக்கு 1.71 சதவீதம் வரும், சரியான விடை 1.74. 60 பாகைக்கு 6.9, சரியானது 7.3. 'சிறியது' என்ற சொல் எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்குப் புரிந்தது இந்த நான்கு எண்களில்தான்.

இன்னொரு கூத்தும் நடந்தது. என் தப்பான விடையைக் கணினியில் சரிபார்க்கிறேன் என்று ஆய்லர் முறையில் (நேரத்தைச் சிறு சிறு படிகளாக நகர்த்திக் கணக்கிடும் எளிய வழி), படி நீளம் 0.1 வைத்து ஓட்டினேன். வீச்சு ஏறிக்கொண்டே போனது! பார்த்தாயா, நான் எழுதியது சரிதான் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். உண்மையில் அந்தக் குட்டி உறுப்பே இல்லாத வெறும் அதிர்வுக்குக்கூட ஆய்லர் முறை ஒவ்வொரு படியிலும் ஆற்றலை 1.01 மடங்காக்குகிறது. ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 63 படிகள், பெருக்கிப் பார்த்தால் 1.87 மடங்கு. ஒரு தோராயத்தை இன்னொரு தோராயத்தை வைத்துச் சரிபார்க்கும்போது ஆற்றலையும் கூடவே வரைந்து பாருங்கள், சரியா?

அப்புறம் மறைந்துபோகும் மூலம், அதாவது சமன்பாட்டின் ஒரு தீர்வு. எப்சிலான் பெருக்கல் எக்ஸ் வர்க்கம், கூட்டல் எக்ஸ், கழித்தல் 1, சமம் பூஜ்ஜியம். எப்சிலானைப் பூஜ்ஜியமாக்கினால் ஒரே மூலம்தான் மிஞ்சும். இன்னொன்று எங்கே? எப்சிலான் 0.01 என்றால் கழித்தல் 100.99-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய எக்ஸில் முதல் உறுப்பு 'சிறியது' இல்லை, கடைசி 1-தான் சிறியது. எது சிறியது என்று மட்டும் கேட்டால் போதாது, எங்கே சிறியது என்றும் கேட்க வேண்டும். 1904-இல் பாய்ம இயக்கவியலாளர் பிராண்டில் சொன்ன எல்லைப்படலமும் இதே சங்கதிதான்: பாகுத்தன்மை சிறியதாகவே இருந்தாலும் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் அதை விட்டுவிட முடியாது.

பல்கால அளவு முறை (வேகமான, மெதுவான மாற்றங்களைத் தனித்தனி நேரமாகப் பார்ப்பது), டபிள்யூ.கே.பி. (மெல்ல மாறும் அலைகளுக்கான தோராயம்) என்ற பாடத்தின் மற்ற இரு முறைகளும், எங்கே எது சிறியது என்பதைப் பிடித்துக்கொண்டால் தானாக வரும். தொடர் விரிவுகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை: நிறைய உறுப்பு எழுதினால் நிறைய துல்லியம் என்று நினைக்காதீர்கள். உறுப்புகளின் கெழுக்கள் எண் தொடர்பெருக்கமாக (1 × 2 × 3 × ... என்று) வளரும் ஆய்லரின் தொடரில் எக்ஸ் 0.1 என்றால், பத்தாம் அடுக்கு வரை உறுப்புகள் குறைந்து 0.00036-க்கு வரும், பிறகு ஏறத் தொடங்கி 25-ஆம் அடுக்கில் 1.55 ஆகிவிடும். தேர்வில் இரண்டு உறுப்பு போதும், மிச்ச நேரத்தில் எண் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் முறை எல்லைப்படலக் கணக்கு வந்தது. எப்சிலான் பெருக்கல் இரண்டாம் வகைக்கெழு, கூட்டல் முதல் வகைக்கெழு, கூட்டல் சார்பு, சமம் பூஜ்ஜியம். சார்பின் மதிப்பு இடது முனையில் 0, வலது முனையில் 1. அவசரத்தில் படலத்தை, அதாவது விடை சட்டென மாறும் அந்த மெல்லிய பகுதியை, வலது முனையில் வைத்தேன், உள்ளே நகர நகர அடுக்குக்குறி உறுப்பு வெடித்துக்கொண்டு போனது. இந்த முறை கட்டம் கட்டவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, 'இங்கே படலம் நிற்காது, விடை வளர்கிறது' என்று ஒரு வரி எழுதிவிட்டு இடது முனைக்கு மாற்றினேன், எல்லாம் பொருந்தியது. விடைத்தாளைத் திரும்பப் பார்த்தபோது அடித்த பகுதியின் ஓரத்தில், அந்த ஒரு வரிக்கு எதிரே, 1 மதிப்பெண் போட்டிருந்தார்கள்.