கேள்வி மட்டும் அச்சில் இல்லை

“சார், அவர் என்ன கேட்டாருன்னு இதுல இல்லையே?”

தொழிற்புரட்சி பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டது. நான் சொன்ன பதில் சரியானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நீராவி எந்திரம், ஸ்பின்னிங் ஜென்னி என்று நான் தொடங்குவதில்லை. சாரா கூடர் என்ற எட்டு வயதுச் சிறுமியிடமிருந்து தொடங்குவேன். யார்க்‌ஷயரில் கவ்பர் நிலக்கரிச் சுரங்கத்தில் காற்றுக் கதவைத் திறந்து மூடுவது அவள் வேலை. கரி வண்டி வந்தால் திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது பற்றி விசாரித்த பிரிட்டிஷ் அரசு ஆணையத்தின் 1842 அறிக்கையில் அவள் வாக்குமூலம் இருக்கிறது. “எனக்குக் களைப்பாக இல்லை. ஆனால் விளக்கில்லாமல் இருக்க வேண்டும், பயமாக இருக்கிறது” என்கிறாள். விடியற்காலை நான்கு மணிக்கு, சில நாள் மூன்றரைக்கே உள்ளே போகிறாள். மாலை ஐந்து, ஐந்தரைக்குத்தான் வெளியே வருகிறாள். “விளக்கு இருந்தால் சில சமயம் பாடுவேன், இருட்டில் பாடமாட்டேன். அப்போது பாடத் துணிய மாட்டேன்.”

இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். அன்றும் ஆனது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

“அதிகாரி கேட்டிருப்பார்ம்மா, அவள் பதில் சொல்லியிருப்பாள். இருட்டில் பாடமாட்டேன் என்பதை எந்த அதிகாரியும் கற்பனையில் எழுத முடியாது” என்றேன்.

“பாடுவியான்னு அவரே கேட்டிருந்தா?”

கேட்டிருந்தாலும் பதில் அவளுடையதுதானே என்று சொல்லிவிட்டு, அந்த அறிக்கையைத் தொடர்ந்து வந்த சுரங்கச் சட்டத்துக்குப் போய்விட்டேன்.

இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த அறிக்கையை மறுபடி படிக்கும்போது, ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கேள்வி இருப்பது தெரிகிறது. ‘களைப்பாக இல்லை’ என்று எந்தக் குழந்தையும் தானாகப் பேச்சைத் தொடங்காது. கொஞ்சம் தள்ளி, இயேசு ஏன் பூமிக்கு வந்தார் என்று தெரியாது, ஆனால் அவர் தலை வைத்துப் படுக்கக் கற்கள் இருந்தன என்கிறாள். சமயம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அறிக்கை முழுக்க ஒழுக்கம் பற்றிய கவலை. இடுப்பில் வாரும் சங்கிலியும் கட்டிக் கரி இழுத்த பெண்களின் படங்கள், ஆண்களுக்கு நடுவே அரைகுறை ஆடையோடு வேலை செய்தார்கள் என்ற குறிப்புகள். அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் ஆஷ்லி பிரபு கொண்டுவந்த சட்டம், பெண்கள் எந்த வயதானாலும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்றது. ஆண் பிள்ளைகளுக்குப் பத்து வயது நிரம்பினால் போதும். அந்தப் பெண்களின் கூலி போனால் அடுப்பு எப்படி எரியும் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. எது கேட்கப்பட்டதோ அதுதான் சட்டமானது. அந்த மாணவி கேட்டது சின்ன விஷயமே இல்லை.

அப்படியானால் சாமானியர் வரலாறு என்று நான் நடத்துவது அதிகாரிகள் கேட்ட வரலாறுதானா? சில நாள் ஆமாம் என்று தோன்றுகிறது. உடனே சாராவின் ஊர்ப்பக்கத்துக் கிராமமான சில்க்ஸ்டோன் நினைவுக்கு வரும். 1838 ஜூலை 4, பெருமழையில் ஓடை பெருகி ஹஸ்கர் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 26 பிள்ளைகள் இறந்தார்கள். தேவாலய வளாகத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதில் அவர்களுடைய பெயரும் வயதும் கிடைக்கின்றன. இருட்டில் அவர்களுக்கு என்ன பயம் இருந்தது என்று கேட்டு எழுதி வைத்தவர் யாருமில்லை. குறை உள்ள காதானாலும், சாராவுக்கு ஒரு காது கிடைத்தது.

இதை அந்த மாணவியிடம் அன்றே சொல்லியிருந்தால் திருப்தி அடைந்திருப்பாளா? எனக்குச் சந்தேகம்தான். கிடைத்த காதைப் பற்றி நான் பேச, அந்தக் காது எதைக் கேட்க விரும்பியது என்று அவள் அடுத்த கேள்வியைப் போட்டிருப்பாள். இந்தப் பருவத்தில் வாக்குமூலத்தோடு, யார்க்‌ஷயர் பகுதியை விசாரித்த துணை ஆணையர் சைமன்ஸ் பெயரையும் சேர்த்தே படிக்கக் கொடுத்திருக்கிறேன். இளங்கலை மாணவர்களுக்கு இவ்வளவு சந்தேகம் வேண்டாம், முதலில் சாராவின் கதை மனதில் பதியட்டும் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அவர் சொல்வதையும் என்னால் ஒதுக்க முடியவில்லை.