1936ஆம் ஆண்டுக் கைகளுக்கு ஒரு தமிழ்ப் பாட்டு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு பார்க்கும் பெண்களைப் பற்றிய தனிப்பாடல் ஒன்றுக்குக் காணொளி தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. பாட்டை எழுதிப் பாடியவர் அப்படிப்பட்ட ஓர் ஆலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். உள்ளே போகும் பணியாளர்களின் கைபேசிக் கேமராவின் மீதே வாயிலில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் இடங்கள் அவை. பாட்டுக்காகப் படம் பிடிக்க யாரும் கதவைத் திறக்கப் போவதில்லை. உற்பத்திக் கூடத்தைச் செட்டாகப் போடுவதற்குப் பணமும் இல்லை. எனவே காணொளியின் பெரும்பகுதியைப் பழைய ஆவணக்காட்சிகளைக் கொண்டே அமைப்பது என்று முடிவு செய்தோம்.

தேடல் தொடங்கிய இடம் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் உள்ள பிரலிங்கர் தொகுப்பு. ரிக் பிரலிங்கர் என்ற அமெரிக்கர் 1980களிலிருந்து விளம்பரப் படங்கள், தொழிற்பயிற்சிப் படங்கள், பள்ளிப் பாடப் படங்கள், வீட்டுப் படங்கள் எனத் திரைத்துறை குப்பை என்று ஒதுக்கிய சுருள்களைச் சேர்த்துவந்தார். அந்தப் பெருந்தொகுப்பை 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பெற்றுக்கொண்டது. அதில் ஆயிரக்கணக்கான படங்களை இன்று எவரும் இணையத்தில் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். எங்கள் பாட்டுக்கு இத்தொகுப்பு பொருந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. 1930 முதல் 1960 வரையிலான காலத்தில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் தங்கள் ஆலைக்குள் நடப்பதைக் காட்டுவதற்காகவே படக்குழுக்களுக்குப் பணம் கொடுத்தன. இங்கே ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கப்படுவது அங்கே ஆர்கெஸ்ட்ராவுடன் கொண்டாடப்பட்டிருக்கிறது.

அப்படிக் கிடைத்தவற்றுள் ‘மாஸ்டர் ஹேண்ட்ஸ்’ என்ற படம் எங்கள் காணொளியின் முதுகெலும்பாயிற்று. செவர்லே நிறுவனத்துக்காக டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜாம் ஹேண்டி நிறுவனம் 1936இல் தயாரித்தது. மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகர ஆலைகளில் எடுக்கப்பட்டது. வர்ணனை மிகக் குறைவு. உருகிய இரும்பு, அச்சு, கருவி, அவற்றை இயக்கும் கைகள், அவற்றுக்குப் பின்னால் கம்பீரமான இசை என்றே படம் நகர்கிறது. அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1999இல் இடம்பெற்ற படம் இது. ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கம்பீரம் இசையில்தான் இருந்திருக்கிறது. படத்தில் மிஞ்சுவது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும் மனித உடல்.

அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 30 அன்று, அதே ஃப்ளின்ட் நகரத்தில், செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் ஆலைகளில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். 44 நாட்கள் நீடித்த அந்தப் போராட்டத்தின் நடுவில், 1937 பிப்ரவரி 1 அன்று, செவர்லேயின் 4ஆம் எண் ஆலையும் அவர்கள் வசமானது. அன்று இன்னொரு செவர்லே ஆலைக்குள் கண்ணீர்ப்புகை நிறைந்தபோது வெளியே நின்ற பெண்கள் சன்னல் கண்ணாடிகளை உடைத்துப் புகையை வெளியேற்றினார்கள். பிப்ரவரி 11 அன்று நிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்றது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, விளம்பரத்துக்காக எடுக்கப்பட்ட அந்தக் கைகளைப் பழையபடி பார்க்க முடியவில்லை. தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யக் கோரி 2024இல் சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாதத்துக்கும் மேலாக நடந்த வேலைநிறுத்தத்தை அருகில் இருந்து பார்த்த பாடகிக்கோ, இந்தப் படத்தைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை என்றே தோன்றிவிட்டது. போராட்ட வரலாற்றை எழுத்தாகத் திரையில் போடலாமா என்று நாங்கள் நீண்ட நேரம் பேசினோம். முடிவில், முதல் காட்சியின் மூலையில் “ஃப்ளின்ட், மிச்சிகன், 1936” என்று இடத்தையும் ஆண்டையும் மட்டும் குறித்தோம். தேடுபவர் தேடிக்கொள்வார், பாட்டு பாடமாகிவிடக் கூடாது. கண்ணாடி உடைத்த பெண்கள் நியூஸ்ரீலில், அதாவது அக்காலத் திரையரங்குச் செய்திப் படத்தில், பதிவாகியிருக்கிறார்கள். பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான காட்சி இல்லை. ஆனால் இணையத்தில் எங்களுக்குக் கிடைத்த பிரதிகளில் எடுத்தது யார், உரிமை யாரிடம் என்ற விவரம் இல்லாததால் அதைத் தொடவில்லை.

உரிமையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குறும்பட வட்டாரத்தில் இதைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் பாதி தவறானவை. பத்து விநாடிக்குள் எடுத்தால் குற்றமில்லை என்பது அவற்றுள் முதன்மையானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி எந்த விநாடிக் கணக்கும் கிடையாது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கும் நியாயமான பயன்பாடு தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றைச் சார்ந்தது. இசைக் காணொளியை அதற்குள் நுழைப்பது கடினம். யூடியூபில் இருக்கிறது என்பதும் அனுமதி ஆகாது. பழைய செய்திப் படங்களை வைத்திருக்கும் பிரிட்டிஷ் பாதே நிறுவனம் 2014இல் சுமார் 85,000 படத்துண்டுகளை யூடியூபில் ஏற்றியபோது எல்லாம் இலவசமாகிவிட்டதாகப் பலரும் எண்ணினார்கள்; பார்ப்பதுதான் இலவசம், எடுத்துப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும்.

எங்களுக்கு உதவியவை இரண்டு வகைப் படங்கள். 1964க்கு முன் அமெரிக்காவில் வெளியான படைப்புகளுக்கு 28 ஆண்டுகள் முடிந்ததும் பதிப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். விளம்பரத்துக்காக எடுத்த படத்தை வேலை முடிந்தபின் எந்த நிறுவனமும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதால், இவ்வகைப் படங்களில் பெரும்பாலானவை புதுப்பிக்கப்படாமல், எவரும் பயன்படுத்தக்கூடிய பப்ளிக் டொமைனுக்கு வந்துவிட்டன. இரண்டாவது வகை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெண்களை ஆலைகளுக்கு அழைப்பதற்காக அமெரிக்க அரசே எடுத்த படங்கள். கூட்டரசின் ஊழியர்கள் அரசுப் பணியாக உருவாக்கிய படைப்புகளுக்கு அந்நாட்டுச் சட்டம் பதிப்புரிமை தருவதில்லை. இந்தியாவில் பார்த்தாலும், 26ஆம் பிரிவின்படி திரைப்படத்தின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் படத்துக்குள் இருக்கும் இசையும் பாடல் வரிகளும் தனிச் சொத்துகள். அவற்றுக்குப் படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுகள். 1950களின் தமிழ்ப் படம் ஒன்றின் உரிமை முடிந்திருக்கலாம், அதில் வரும் பாட்டின் உரிமை இன்றும் உயிரோடு இருக்கலாம். இதனால் நாங்கள் எடுத்த எல்லாத் துண்டுகளின் ஒலியையும் முதல் வேலையாக நீக்கிவிட்டோம்.

இந்தியப் பெண் தொழிலாளர்களின் காட்சியும் வேண்டும் என்பது பாடகியின் விருப்பம். அரசுப் பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948இல் தொடங்கப்பட்டது முதல் எடுத்துக் குவித்த செய்திப் படங்களிலும் ஆவணப்படங்களிலும் அத்தகைய காட்சிகள் ஏராளம். இன்று அந்த நிறுவனமும் புனேயின் தேசியத் திரைப்படக் காப்பகமும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. அரசுப் படைப்புக்கும் 60 ஆண்டுக் கணக்கே என்பதால் 1950களின் படங்களுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. எனினும் உரிமை முடிவது வேறு, நல்ல பிரதி கைக்கு வருவது வேறு. சுருள் எவருடைய குளிர்பதன அறையில் இருக்கிறதோ அவர் சொல்லும் கட்டணத்துக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டுத்தான் அதைப் பெற முடியும். நாங்கள் அணுகிய ஒரு காப்பகம் படிவம் கேட்டது, பாட்டு வரிகளைக் கேட்டது, தயாரிப்பாளரின் கடிதம் கேட்டது, பிறகு பதிலே தரவில்லை. இணையத்தில் உலவும் முத்திரை விழுந்த மங்கலான பிரதியை வைத்து ஒப்பேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆசையை விட்டுவிட்டோம்.

இறக்கிய கோப்புகள் தொகுப்புக்கு நேராக வரத் தகுந்தவை அல்ல. பிரலிங்கர் தொகுப்பின் பழைய கோப்புகள் பல, படச்சுருளிலிருந்து வீடியோ நாடாவுக்கும் நாடாவிலிருந்து கணினிக்கும் வந்தவை. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஏறத்தாழ 30 ஃபிரேமுக்கு மாறும்போது ஒவ்வொரு நான்கு ஃபிரேமும் ஐந்தாக நீட்டப்படுகிறது. அந்த ஐந்தில் இரண்டு, முன்னதும் பின்னதும் கோடு கோடாகக் கலந்த கலவை. அப்படியே டைம்லைனில் போட்டால் வேகமாக அசையும் கையின் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். கோடுகளை மட்டும் நீக்கும் டீஇன்டர்லேஸ் முறையைக் கையாண்டால் கோடு மறையும், ஆனால் அசைவு தடுக்கித் தடுக்கி ஓடும். கலவையைப் பிரித்து மூல 24 ஃபிரேமையே மீட்டெடுக்கும் இன்வர்ஸ் டெலிசினி முறைதான் சரி. சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு காட்சிகளை 4கே அளவுக்கு உயர்த்தலாம் என்று யோசனை வந்தது, சோதித்துப் பார்த்தோம். இயந்திரங்கள் பளிச்சென்று வந்தன. கைகள் கெட்டுப்போயின. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின, நகம் மறைந்தது, மணிக்கட்டின் நரம்பு மெழுகு பூசியதுபோல் வழவழப்பாயிற்று. கைகளைப் பற்றிய பாட்டில் கைகளையே மென்பொருள் கற்பனை செய்து வரைவதை ஏற்க முடியாது. சுருளுக்கே உரிய மணித்துகள் (கிரெயின்) அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். 4:3 சட்டகத்தையும் வெட்டவில்லை. இரு பக்கமும் கறுப்பாக விட்டோம். ரீல்ஸுக்கான செங்குத்துப் பதிப்பில் மட்டும் சட்டகத்தை வெட்ட வேண்டியிருந்தது. அந்தப் பதிப்பை நான் இன்றுவரை எவருக்கும் பெருமையாகக் காட்டியதில்லை.

படத்தொகுப்பு வேலையில் எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் பாட்டின் தாளம். நிமிடத்துக்கு 96 அடி என்றால், 24 ஃபிரேம் டைம்லைனில் ஓர் அடிக்குச் சரியாக 15 ஃபிரேம். எந்த இயந்திரத்தின் இடிப்பையும் சிறிதளவு மெதுவாக்கியோ விரைவாக்கியோ அந்த 15இன் மடங்கில் உட்கார வைத்துவிடலாம். முதல் வரைவில் அப்படியே செய்தோம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட். பார்த்தவர்கள் தலையாட்டினார்கள், பாட்டு என்ன சொல்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு இயந்திரத்தை மட்டும் தாளத்தில் விட்டுவிட்டு, கட்டுகளைத் தாளத்துக்கு முன்னும் பின்னும் தள்ளினோம். இயந்திரம் சீராக ஓட, மனிதர்கள் அதோடு ஒட்டாமல் நிற்பதுபோல் ஒரு சிறு பிசகு வந்தது. பாட்டுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

வரிக்கு ஏற்ற காட்சி என்ற பொருத்தத்தையும் தவிர்த்தோம். வாயிலில் உடலைத் தடவிச் சோதிப்பதைச் சொல்லும் வரி வரும்போது, போர்க்காலப் படத்தில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் இளம்பெண் வருகிறார். அந்தச் சிரிப்பு இயக்குநர் சொல்லி வந்தது. ஷாட் முடியும் முன் சில ஃபிரேம்களில் அது முகத்திலிருந்து இறங்குவதைக் காணலாம். அக்காலத் தொகுப்பாளர் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே வெட்டியிருக்க வேண்டும். அவர் விட்டுவைத்த அந்த மிச்சத்தை நாங்கள் மெதுவாக்கி நீட்டினோம். தன்னைப் புகழ்வதற்காக எடுத்த படத்தையே எடுத்தவருக்கு எதிராகப் பேச வைக்கும் இந்த உத்தி புதிதல்ல. சோவியத் தொகுப்பாளர் எஸ்ஃபிர் ஷூப் 1927இலேயே ஜார் மன்னர் குடும்பத்தின் சொந்தப் படச்சுருள்களைக் கொண்டு அந்த ஆட்சியின் வீழ்ச்சியைச் சொன்னார். நமக்கும் இதில் ஒரு முன்னோர் உண்டு: ஏ.கே. செட்டியார், பல நாடுகளில் சிதறிக் கிடந்த படத்துண்டுகளைத் தேடித் திரட்டி 1940இல் காந்தி ஆவணப்படத்தைத் தமிழில் வெளியிட்டவர். அவர் காலத்தில் ஒரு துண்டைப் பார்ப்பதற்கே கப்பலேற வேண்டியிருந்தது.

புதிதாக நாங்கள் எடுத்தது, அதிகாலையில் கிராமத்துச் சாலைகளில் பெண்களை இறக்கிவிடும் கம்பெனி பேருந்துகளை மட்டுமே. பழைய காட்சிகளோடு பொருந்துவதற்காக அதற்கும் கீறல், தூசி, கறுப்பு வெள்ளை எல்லாம் போடலாம் என்றார் படத்தின் நிறத்தைச் சீரமைக்கும் கலரிஸ்ட். செயற்கைக் கீறல் எனக்குப் பிடிக்காத ஒன்று. புதியது புதியதாகவே, வண்ணத்திலேயே இருந்தது.

வெளியிட்ட சில நாட்களில் யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்தது. ஃப்ளின்ட் காட்சியைத் தன் ஆவணப்படத்தில் பயன்படுத்திய ஒரு தொலைக்காட்சி நிறுவனம், அந்த நிகழ்ச்சி முழுவதையும் யூடியூபின் தானியங்கி உரிமைச் சோதனை முறையான கன்டென்ட் ஐடியில் பதிந்து வைத்திருந்ததால், பொதுவில் உள்ள காட்சியும் அவர்களுடையதாகக் கணினிக்குத் தோன்றியிருக்கிறது. ஆட்சேபம் தெரிவித்தால் கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. தேடலின் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு துண்டுக்கும் படத்தின் பெயர், ஆண்டு, தயாரித்தவர், இறக்கிய பக்கத்தின் முகவரி, நேரக்குறி, உரிமைக் குறிப்பின் திரைப்பிடிப்பு ஆகியவற்றை ஓர் அட்டவணையில் எழுதி வந்திருந்தோம்; ஆட்சேபக் கடிதம் எழுத அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்தால் போதுமானதாக இருந்தது. கோரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.

பின்னர் ஒரு குறும்பட விழாவுக்கு அனுப்பியபோது அதே அட்டவணையை உறுதிமொழியோடு இணைத்தோம். ஆவணக்காட்சிகள் குறித்து அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாட்டுக்குப் புல்லாங்குழல் வாசித்தவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் எங்கே என்று மட்டும் கேட்டார்கள். அவர் அப்போது ஊரில் கோயில் திருவிழாக் கச்சேரியில் இருந்தார். கையெழுத்துப் போட்ட தாளை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவைத்தார்.