கண்மாய் மீன்கள் பள்ளிச் சுவருக்கு வந்த விதம்

மேலூர்ப் பக்கம் ஓர் ஊரின் அரசுப் பள்ளிச் சுற்றுச்சுவரில் இந்தக் கோடையில் மீன்பிடித் திருவிழாவை வரைந்து முடித்தோம். அதற்காகப் போட்ட கோட்டுப்படங்களோடு மதுரையில் ஒரு குழுக் கண்காட்சியிலும் கலந்துகொண்டேன். ஊர்ச் சுவர்களில் வரைய ஆசைப்படும் ஓவிய நண்பர்கள் விவரம் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

தலைமை ஆசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி ஒப்புதல் வாங்கித் தந்துவிட்டார். வேலை தொடங்க அது போதும். ஆனாலும் மே 1 கிராம சபையில் எழுந்து பேச அனுமதி கேட்டேன். சுவர் பள்ளியுடையது, அதைக் கடந்து தண்ணீர்க் குடத்தோடும் மாட்டோடும் தினமும் போகிறவர்கள் ஊர்க்காரர்கள். என்ன வரையலாம் என்றதும் இளவட்டங்கள் காளை என்றார்கள். எங்கள் பக்கம் அது எதிர்பார்த்ததுதான். பின்வரிசையிலிருந்து ஓர் அப்பத்தா, "மாட்டத்தான் எல்லாச் சுவத்துலயும் வரஞ்சாச்சே தம்பி, நம்ம கண்மாய வரைங்க" என்றார். கைதட்டல் எழுந்தது. விஷயம் அங்கேயே முடிவானது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. அறுவடை முடிந்து கண்மாயில் தண்ணீர் வற்றும் நாளில், ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதுவரை காத்து நிற்கும் கூட்டம் ஊத்தா எனும் அடியில்லாக் கூடை, கச்சா, வலை என்று கையில் கிடைத்த மீன்பிடி கருவியோடு இறங்கும். பிடித்த மீனை விற்பதில்லை, வீட்டில் குழம்பு வைப்பதுதான் வழக்கம். அன்று மாலை தெருவெல்லாம் மீன் குழம்பு வாசம்.

சுவரைத் தயார் செய்வதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஆண்டாண்டாக அடித்த சுண்ணாம்பு, கை வைத்தால் மாவாக ஒட்டியது. அதன்மேல் எமல்ஷன் அடித்தால் சீக்கிரமே தோல் தோலாக உரிந்துவிடும். கம்பி பிரஷ், பட்டி பிளேடு கொண்டு சுரண்டி, கழுவிக் காயவிட்டு, அப்புறம்தான் வெளிச்சுவர் பிரைமர். அடிப்பகுதியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. அங்கே படம் எதுவும் வைக்காமல் காவிப் பட்டை அடித்துவிட்டோம். உரிந்தால் உள்ளூர் பெயிண்டரே திரும்ப அடித்துக்கொள்வார்.

பிரைமர் காய்ந்ததும் புளியங்குச்சிக் கரியால் கோடு போட்டேன். வண்ண டப்பாவைத் திறக்காமல் பல நாள் அப்படியே விட்டு வைத்தோம். மொத்த வேலையிலும் எனக்கு முக்கியமானவை அந்த நாட்கள்தான். ஈரத்துணியால் துடைத்தால் கோடு போய்விடும் என்று தெரிந்ததும் ஊருக்குக் கை துணிந்தது. ஒரு பெரியவர் தன் ஊத்தாவையே வீட்டிலிருந்து தூக்கி வந்தார். "நல்லா குனிஞ்சு சேத்துல அமுக்கணும் தம்பி, இல்லேன்னா அடியில விரால் ஓடிப்போகும்" என்று, அகன்ற வாயைத் தரையில் ஊன்றி, மேலே குறுகிய வாய் வழியாகக் கைவிட்டு மீனைத் துழாவிக் காட்டினார். அவரையே அந்த இடத்தில் வரைந்தேன். பழைய சேலையை விரித்து ஓரத்தில் கெண்டைக்குஞ்சு அள்ளும் இடத்தைப் பெண்கள் கரியை வாங்கித் தாங்களே வளைத்துக் காட்டினார்கள். "தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு காட்ட வேண்டாமா?" என்று இன்னொருவர் கேட்டார். முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிந்தபின் கால்வாய் வழி வந்த தண்ணீரால் நெல் விளையும் நாடு இது. ஓவியத்தின் மேல் விளிம்பு முழுக்க இப்போது பெரியாற்றுக் கால்வாய் ஓடுகிறது.

மீன்களைப் பிள்ளைகளிடம் விட்டோம். அட்டையில் வெட்டி, சுவரில் வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்து, ஆளுக்கொரு விரால், கட்லா, ஜிலேபி. கெளுத்திக்கு உடம்பைவிட நீளமாக மீசை வைத்தான் ஒரு பையன். குட்டையாக்கச் சொன்னவர்கள் உண்டு. நான் சம்மதிக்கவில்லை, அது அவன் மீன்.

வண்ணம் அடித்தது விடிகாலையிலும் வெயில் சாய்ந்த பிறகும்தான். தகிக்கும் சுவரில் பெயிண்ட் இழுக்கும்போதே காய்ந்து, ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே விளிம்பு விழுந்துவிடும். காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஆகியவற்றையே அதிகம் நம்பினேன். மண்ணிலிருந்து வந்த நிறங்கள் வெயிலைத் தாங்கும், பளபளக்கும் ரோஸும் ஊதாவும் வெளுக்கும். அழகர்கோவில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் கால ராமாயண ஓவியங்களை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், சுவரோவியம் வரைகிறவருக்கு அதைவிட நல்ல பாடம் பக்கத்தில் இல்லை.

கண்காட்சி பற்றிச் சுருக்கமாக. மண்டப வாடகையை நண்பர்கள் பங்கிட்டோம். ஆணி அடிக்கக் கூடாது என்பதால் ஸ்டாண்டுகள் கொண்டுபோனோம். சாமிப் படத்துக்குப் பிரேம் போடும் கடையிலேயே ஒல்லியான மரச்சட்டம் சொல்லிச் செய்தேன். படத்தின் கீழே விலையைத் தெளிவாக எழுதி வைத்தேன். எழுதாவிட்டால் கேட்கக் கூச்சப்பட்டே பலர் போய்விடுவார்கள். ஊரிலிருந்து ஒரு மினி வேனில் வந்தார்கள். ஊத்தா பெரியவர் தன் படத்தின் பக்கத்தில் நின்று, டவுன்காரர்களுக்கு மீன் பிடிக்கும் முறையை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசிய பிறகுதான் அந்தப் படமே விற்றது.

பணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். பெயிண்ட் செலவைப் பள்ளியின் பழைய மாணவர்கள் ஏற்றார்கள், என் கூலியை ஊர் வசூலித்துத் தந்தது. இது தொடக்கத்திலேயே பேசியது. "ஊருக்காகத்தானே தம்பி" என்று மட்டும் சொல்லி வரும் அழைப்புகளும் உண்டு. சாரம் கட்டுகிறவருக்கும் கொத்தனாருக்கும் கூலி பேசுகிற ஊர் ஓவியருக்கும் பேசட்டும். இளம் ஓவியர்கள் இதில் கூச்சப்படவே கூடாது. கூலி இல்லாமல் போனால் அடுத்த சுவருக்கு ஆள் வராது.

பக்கத்து ஊரில் ஊருணிக் கரைச் சாவடியை வரையக் கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பேசுவதாக ஏற்பாடு. ஐப்பசி மழைக்கு முன் சுரண்டல், பிரைமர் எல்லாம் முடிந்தாக வேண்டும். கூடச் சேர்ந்து வரைய விரும்பும் மதுரை ஓவியர்கள் வரலாம். கூலி உண்டு, அதையும் சபையிலேயே பேசிவிடுவோம்.